வம்சாவளியை நெற்றில ஏத்த முதல்: எதைப் போடலாம், எதை மறைக்கிறது, எப்பிடிச் செய்யிறது

இப்ப எங்கட குடும்பங்களில ஆராவது ஒருத்தர், கூடுதலா ரொறன்ரோவிலயோ லண்டனிலயோ இருக்கிற ஒரு மருமகன், இல்லாட்டி பென்சன் எடுத்திட்டு வீட்டில இருக்கிற ஒரு மாமா, "எங்கட பரம்பரையை முழுக்க எடுத்து நெற்றில போட்டு வைப்பம், பிள்ளையளுக்கு நாளைக்கு ஆர் எவரெண்டு தெரியவேணுமெல்லே" எண்டு வெளிக்கிடுறது வழமையாப் போச்சு. வடிவான வேலை. 1995 ஒக்ரோபர் கடைசியில யுத்தத்தால யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடக்கேக்க விட்டிட்டு வந்த அலுமாரியளுக்குள்ள எத்தினை சாதகம், எத்தினை காணி உறுதி, எத்தினை கலியாணப் போட்டோ போனதெண்டு வீட்டுக்கு வீடு ஒரு கதை இருக்குது, அதால எழுதி வைக்கவேண்டாமெண்டு நான் சொல்லமாட்டன். எழுதுங்கோ. ஆனா எழுதி வைக்கிறதும் நெற்றில ஏத்துறதும் ரெண்டு வேலை, ரெண்டுக்கும் வேற வேற பைல் வேணும். இதில நான் சொல்லப்போறது முழுக்க அதைப்பற்றித்தான்.

முதல் ஒரு விசயம். பிரிஸ்டல் போர்ட்டில கீறின வம்சாவளியைப் போட்டோ எடுத்துப் போடுறது வேற, கொம்பியூட்டர் வாசிக்கிற மாதிரி எழுதிப் போடுறது வேற. ரெண்டாவதில ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர், ஒவ்வொரு உறவுக்கும் ஒரு வரி, பிறந்தது எங்க எப்ப, கட்டினது ஆரை, பிள்ளையள் எந்த நம்பர், எல்லாம் தனித்தனிப் பெட்டியில கிடக்கும். "அளவெட்டியில பிறந்து இப்ப கனடாவில இருக்கிற, அம்பது வயசுக்கு மேற்பட்ட, தனியா இருக்கிற பொம்பிளையள்" எண்டு கேட்டால் ஒரு செக்கனில லிஸ்ற் வரும். கேக்கிறவர் பேத்தியாவும் இருக்கலாம், கள்ளனாவும் இருக்கலாம், அது பைலுக்குத் தெரியாது.

இதுக்கு எங்கட ஆக்கள் உடன சொல்லுற மறுமொழி: "உதெல்லாம் ஏற்கனவே மரண அறிவித்தலில வந்திட்டுதுதானே, இனி என்னத்தை மறைக்கிறது?" உண்மைதான், யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல் மாதிரி உறவைத் துல்லியமா எழுதுற எழுத்து வேற எங்கயும் இருக்குமோ தெரியாது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நாட்டை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னார், இன்னாரின் அன்புத் தாயாரும், இன்னாரின் மாமியாரும், இன்னாரின் சகோதரியும், இன்னாரின் மைத்துனியும், இன்னாரின் பேத்தியாரும் ஆவார். பிள்ளையின்ர பேருக்குப் பக்கத்தில அடைப்புக்குள்ள கனடா, சுவிஸ், பிரான்ஸ். கீழ தொடர்புகளுக்கு எண்டு மூண்டு நாட்டு நம்பர். வசனம் ஒவ்வொரு முறையும் ஒரே அச்சில வாறதால ஒரு சின்னப் புரோகிராம் எழுதத் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் பின்னேரத்துக்குள்ள அதைப் பிச்சு உறவு உறவாப் பிரிச்செடுத்திடுவான். ஏதோ ஒரு விதத்தில நாங்கள் கொம்பியூட்டர் வாறதுக்கு முதலே கொம்பியூட்டருக்கு எழுதின சனம்.

ஆனா அதில ரெண்டு காப்பு இருந்தது. ஒண்டு, அது துண்டு துண்டாக் கிடந்தது. பேத்தியாரின்ர அறிவித்தலில தாயின்ர குடும்பம், பெரியப்பாவின்ரயில தேப்பன் பக்கம், அந்தியேட்டிக்கு அடிச்ச கல்வெட்டு எண்ட நினைவுப் புத்தகத்தில மிச்சம், இதெல்லாத்தையும் ஒரு மனுசன் இருந்து பொருத்திறதெண்டால் மாசக்கணக்காகும். நீங்கள் வம்சாவளியை ஒரே பைலாப் போட்டவுடன அந்தப் பொருத்திற வேலையை ஆருக்கோ இனாமாச் செய்து குடுத்திட்டியள். ரெண்டாவது, கனகாலமா எங்கட எழுத்தெல்லாம் பாமினி எழுத்துருவில கிடந்தது. பாமினியில ரைப் பண்ணினது திரையில தமிழ், ஆனா உள்ளுக்க வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை, கூகிளுக்கு ஒண்டும் விளங்காது. அதாலயே தப்பின ஆக்கள் கனபேர். இப்ப எல்லாம் எல்லா மொழிக்கும் பொதுவான யுனிகோட் முறை, அந்தச் சீலையும் விலகியாச்சு.

சரி, எந்த அச்சில எழுதுறது எண்டு பாப்பம். வம்சாவளிக்கெண்டே இருக்கிறது ஜெட்கொம். மோர்மன் சபைக்காரர் 1984இல கொண்டுவந்தது, எல்லா வம்சாவளி மென்பொருளும் அதை வாசிக்கும், 2021இல 7.0 வந்தது. பழைய 5.5 வேர்ஷனில யுடிஎஃப்-8 எண்ட, இப்ப வழமையாப் பாவிக்கிற யுனிகோட் வடிவம் இல்லை, அதில தமிழ்ப் பேரைச் சேமிச்சால் கேள்விக்குறி கேள்விக்குறியா வரலாம், 5.5.1 இல்லாட்டி 7 எடுங்கோ. சொந்த வெப்சைற் வைச்சிருக்கிற ஆக்களுக்கு, பக்கத்தில உள்ளதைத் தேடுபொறிக்கு விளங்கிற மாதிரி எழுதுற ஸ்கீமா எண்ட முறை இருக்குது, கூகிளும் பிங்கும் யாகூவும் சேர்ந்து 2011இல தொடங்கினது, அதில ஒரு ஆளுக்குத் துணை, பெற்றார், பிள்ளை, சகோதரம், தெரிஞ்சவர் எண்டு தனித்தனிப் பெட்டி. அதுக்கும் முன்னம் 2000இல டான் பிரிக்லியும் லிபி மில்லரும் தொடங்கின ஃபோஃப் எண்டு ஒண்டு, நண்பரின்ர நண்பர் எண்ட அர்த்தத்தில வைச்ச பேர், "இவரை எனக்குத் தெரியும்" எண்டு நீங்கள் ஒருபக்கமா எழுதினால் காணும், மற்ற ஆள் ஓமெண்டு சொல்லத் தேவையில்லை, அவருக்குத் தெரியவே வராது. 2003இல எக்ஸ்எஃப்என் எண்டு இன்னொண்டு வந்தது, லிங்க் போடேக்கயே இவர் நண்பர், இவர் கூடவேலை செய்யிறவர், இவர் அயலட்டை எண்டு எழுதலாம், மனசுக்குள்ள ஒருதலையா விரும்புற ஆளுக்குக் கூட அதில தனிக் குறியீடு வைச்சிருந்தவை. ஒருதலைக் காதலை ஏன் ரோபோவுக்குச் சொல்லவேணுமெண்டு அப்ப ஒருத்தரும் கேக்கேல்லைப் போல. 2008இல கூகிள் இந்த ரெண்டையும் வலைமுழுக்க அள்ளிச் சேர்த்து, ஆர் ஆருக்கு என்ன முறையெண்டு எந்தப் புரோகிராமும் கேக்கக்கூடிய ஒரு சேவையைத் திறந்து, 2012இல மூடினது. சேவையை மூடினதோட அள்ளின ஆக்களின்ர கொப்பியள் அழிஞ்சதெண்டு அர்த்தமில்லை, இதை ஞாபகம் வைச்சிருங்கோ.

எங்களுக்கு வேண்டியது ஜெட்கொம் மட்டும்தான். சொந்த வெப்சைற்றில ஸ்கீமா போடுறதெண்டால் உங்கட பேர், தொழில், உங்கட மற்றக் கணக்குகளின்ர லிங்க், அதோட நிப்பாட்டுங்கோ, துணை, பிள்ளை பெட்டியெல்லாம் வெறுமனே கிடக்கட்டும், அதை நிரப்பினால் கூகிளில உங்களை மேல கொண்டுவரும் எண்டு சொல்லுறவையை நம்பாதேங்கோ. எக்ஸ்எஃப்என்னில மிஞ்சி உயிரோட இருக்கிறது "இதுவும் நான்தான்" எண்டு சொல்லுற குறியீடு ஒண்டு, மஸ்ரடொன் எண்ட சமூக வலைத்தளக்காரர் கணக்கை உறுதிப்படுத்த அதைத்தான் பாவிக்கினம், பிரியோசனமானது. ஆனா புனைபேரில எழுதுற ஆளெண்டால் அந்தக் கணக்கை மறந்தும் அதில கோர்க்காதேங்கோ.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். உறவு எண்டது ஒரு ஆளின்ர சொத்தில்லை, ரெண்டு முனை இருக்குது. "இவ என்ர மச்சாள்" எண்டு நீங்கள் எழுதினால் உங்கட விசயத்தை எழுதினதா நினைக்கிறியள், மச்சாளின்ர தேப்பன் ஆர், அவ எந்த ஊர், எந்தக் குடும்பத்தில கட்டினவ எல்லாம் கூடவே போச்சுது. 2023இல 23அண்ட்மீ எண்ட மரபணுச் சோதனைக் கொம்பனிக்கு நடந்ததைப் பாருங்கோ, பழைய பாஸ்வேர்டை வைச்சு உள்ளுக்க போன கணக்கு கிட்டத்தட்ட 14,000தான், ஆனா சொந்தக்காரரைக் காட்டுற வசதிக்குள்ளால வெளியில போனது 69 லட்சம் பேரின்ர விபரம். அந்த 69 லட்சத்தில பெரும்பகுதி ஆக்களின்ர கணக்குக்குள்ள கள்ளன் போகவே இல்லை. அவை செய்த ஒரேயொரு காரியம், சொந்தம் எண்டு இன்னொருத்தரோட கோர்த்து நிண்டது.

அதால கேட்டுப்போட்டுப் போடுங்கோ. எங்கட வழக்கத்தில குடும்பத்தில மூத்தவை ஒராள் ஓமெண்டால் எல்லாரும் ஓமெண்டு எடுக்கிற பழக்கம் இருக்குது, கலியாண அழைப்பிதழுக்கு அது சரி, இதுக்குச் சரிவராது. பெரியம்மா ஓமெண்டு சொன்னது பெரியம்மாவுக்கு மட்டும். அவவின்ர மகள் பாரிஸில இருக்கிறா, அவவிட்டை வேறயாக் கேளுங்கோ, "அக்கா, உங்கட பேரும் பிறந்த வருசமும் இதில வரும், கட்டின ஆளின்ர பேரும் வரும், விருப்பமோ இல்லையோ சொல்லுங்கோ, இல்லையெண்டாலும் கோவிக்கமாட்டன்" எண்டு வட்ஸ்அப்பில எழுதிக் கேட்டால் மறுமொழியும் எழுத்தில இருக்கும். மறுமொழி வராட்டி அது இல்லைதான். பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையளைத் தாய்தேப்பன் ஓமெண்டாலும் போடாதேங்கோ, அந்தப் பிள்ளை வளர்ந்து வந்து தானே சொல்லட்டும்.

எந்த எந்தப் பெட்டி ஆபத்து எண்டு ஒவ்வொண்டாச் சொல்லுறன், ஏனெண்டால் வெளிநாட்டுக்காரர் எழுதின அறிவுரையளில எங்கட விசயங்கள் கனக்க வராது.

பிறந்த திகதி. முழுத் திகதி போட்டால் இலங்கையில அது பிறந்தநாள் வாழ்த்தோட நிக்காது. பழைய ஐசி (அடையாள அட்டை) நம்பரில முதல் ரெண்டு இலக்கம் பிறந்த வருசம், அடுத்த மூண்டும் வருசத்தில எத்தினையாவது நாள் எண்டது, பொம்பிளையளெண்டால் அதோட 500 கூட்டினது. புது 12 இலக்க ஐசியில வருசம் நாலு இலக்கமாச்சுது, நாளைக் குறிக்கிற மூண்டு இலக்கமும் அதே முறைதான். ஆக ஒரு ஆள் ஆணோ பெண்ணோ எண்டும் பிறந்த திகதியும் தெரிஞ்சால் 12 இலக்கத்தில ஏழு கையில வந்திட்டுது. உயிரோட இருக்கிற ஆக்களுக்கு வருசம் மட்டும் போடுங்கோ, அதுவும் அவை ஓமெண்டால்.

தாயின்ர கலியாணத்துக்கு முந்தின பேர். வெளிநாட்டு வங்கியள் கனகாலமாப் போனில ஆளை உறுதிப்படுத்தக் கேக்கிற கேள்வி அது. எங்கட முறையில பொம்பிளைப்பிள்ளையின்ர முதலெழுத்து தேப்பன்ர பேர், கட்டின பிறகு புருசன்ர பேர், ஆனபடியா வம்சாவளியில அம்மப்பாவின்ர பேரைப் பாத்தவுடன அந்தக் கேள்விக்கு மறுமொழி கிடைச்சிட்டுது. உங்கட அம்மா உயிரோட இருந்தாலென்ன இல்லாட்டியென்ன, இதை மறைக்க ஏலாது, மறைச்சால் வம்சாவளியே இல்லை. அதால செய்யவேண்டியது மற்றப்பக்கம்: வங்கியில அந்தக் கேள்விக்குப் பொய் மறுமொழி குடுத்து வையுங்கோ, அந்தப் பொய்யை எங்கயாவது எழுதியும் வையுங்கோ.

ஊரும் குறிச்சியும். "யாழ்ப்பாணம்" எண்டு போட்டால் மாவட்டம், ஊர்ப்பேர் போட்டால் ஊர், ஊருக்குள்ள குறிச்சியும் கோயிலும் போட்டால் அதுக்கங்கால எங்கட ஆக்களுக்கு என்ன கணக்குப் போடத் தெரியுமெண்டு நான் சொல்லத் தேவையில்லை. கலியாணம் பேசேக்க புரோக்கர் மறைமுகமா விசாரிக்கிறதை நீங்கள் பைலில எழுதிக் குடுக்காதேங்கோ. பாட்டன் பூட்டன் காலத்துக்கு ஊர் காணும், குறிச்சி உங்கட வீட்டுப் பைலில இருக்கட்டும். தொழில் எண்ட பெட்டிக்கும் இதுதான்.

வெளிநாட்டுக்குப் போன வருசமும் வழியும். 80களிலயும் 90களிலயும் போன கனபேருக்குப் பேப்பரில உள்ள பேரோ பிறந்த திகதியோ வீட்டில கூப்பிடுற பேரோட, சாதகத்தில உள்ள திகதியோட பொருந்தாது. முப்பது வருசத்துக்குப் பிறகு ஒரு பாசக்கார மருமகன் வந்து "சரியான" திகதியை உலகத்துக்குப் போட்டுக் குடுக்கிறது அவைக்குத் தேவையில்லாத தலையிடி. இதை ஆரிட்டையும் ஏனெண்டு விளக்கம் கேக்கவும் வேண்டாம், உயிரோட இருக்கிற ஆளெண்டால் முழுத் திகதி இல்லை எண்டு எல்லாருக்கும் ஒரே சட்டமா வைச்சால் ஒருத்தருக்கும் சங்கடமில்லை.

இயக்கத்துக்குப் போன பிள்ளையள், காணாமல் ஆக்கப்பட்ட ஆக்கள். இதில வலு கவனம். வம்சாவளி மென்பொருளில ஒரு ஆளுக்கு ரெண்டு நிலைதான், இருக்கிறார் அல்லது இறந்திட்டார். 2009க்குப் பிறகு மரணச் சான்றிதழ் வேண்டாம், பிள்ளை எங்கயெண்டு சொல்லுங்கோ எண்டு நிக்கிற தாய்மார் எங்கட சொந்தத்துக்குள்ளயே இருக்கினம். 2016இல அரசாங்கமே இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக் காணக்கிடையாமைக்கு ஒரு சான்றிதழ் குடுக்கிற சட்டம் கொண்டுவந்தது. நீங்கள் பைலை வடிவாக்கவேணுமெண்டு அந்தப் பிள்ளைக்கு நேர இறப்பு எண்டு ஒரு வரி போட்டால் மென்பொருள் அதை இறந்த ஆளா எடுத்து முழு விபரத்தோட வெளியில விடும், தாய் அதை ஒரு நாள் போனில பாப்பா. இறப்பு வரி போடாதேங்கோ, அந்த ஆளின்ர பதிவை முழுக்கப் பூட்டி வையுங்கோ. இயக்கப் பேர், எந்தப் படை, எங்க நிண்டது, இதுகள் பைலிலயே வேண்டாம்.

பிறகு விவாகரத்து, ரெண்டாந்தாரம், தத்தெடுத்த பிள்ளை. சொந்தத்துக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரியாம இருக்கும். அவ்வளவுதான் சொல்லுவன்.

இனி கைவேலை. கிராம்ப்ஸ் எண்டு ஒரு மென்பொருள் இருக்குது, 2001இல தொடங்கினது, காசில்லை, விண்டோசிலயும் மக்கிலயும் லினக்சிலயும் ஓடும், முக்கியமா உங்கட கொம்பியூட்டருக்குள்ளயே இருக்கும், எழுதுறது ஒண்டும் ஆற்றையோ சேர்வருக்குப் போகாது. முழுப் பைலையும் அதில எழுதுங்கோ, மேல வேண்டாமெண்டு சொன்ன இயக்க விபரத்தைத் தவிர எல்லாத்தையும் எழுதுங்கோ, ஒண்டும் ஒளிக்காதேங்கோ. பேர் எழுதேக்க முதற்பேரைத் தனியா, தேப்பன்ர பேரைக் குடும்பப்பேர்ப் பெட்டியில போட்டு அது தந்தைவழி வாற பேர் எண்டு குறிக்கிற இடம் இருக்குது, அதைத் தெரிவு செய்யுங்கோ. பொம்பிளையளுக்குப் பிறந்தவீட்டுப் பேர்தான் முதன்மைப் பேர். பாஸ்போர்ட்டில உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டல் மாற்றுப் பேரா இருக்கட்டும், ஒரே ஆள் மூண்டு நாட்டில மூண்டு விதமா எழுதுறவை எங்கட ஆக்கள். பெரியப்பா, மச்சாள், சகலன் எண்டதுகளைத் தனியா எழுதத் தேவையில்லை, பெற்றார்-பிள்ளை கோடும் கலியாணக் கோடும் சரியா இருந்தால் மிச்சம் எல்லாம் தானா வரும், மச்சானைக் கட்டின மச்சாளெண்டால் ரெண்டு பக்கத்தாலயும் கோடு வரும், அது பிழையில்லை. விளையாட்டா "இவருக்குக் குடி கூட" எண்டு குறிப்பு எழுதுற பழக்கம் உள்ளவை கையைக் கட்டுப்படுத்துங்கோ.

ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில ஒரு பூட்டுப் படம் இருக்கும், அதை அமத்தினால் அந்தப் பதிவு தனிப்பட்டது எண்டாகும். ஆளை முழுக்கவும் பூட்டலாம், ஒரு திகதியை, ஒரு போட்டோவை, ஒரு குறிப்பை மட்டும் எண்டும் பூட்டலாம். எழுதி முடிஞ்சாப்பிறகு வெளியில விடுறதுக்கெண்டு ஜெட்கொம்மா எக்ஸ்போர்ட் செய்யிறது ரெண்டாவது பைல், அப்ப தனிப்பட்ட பதிவுகளைச் சேர்க்காத எண்ட பெட்டியில சரி போடுங்கோ, பிறகு உயிரோட இருக்கிறவையை என்ன செய்யிறது எண்டு கேக்கும். வேர்ஷனுக்கு வேர்ஷன் சொல்லு கொஞ்சம் மாறும், ஆனா தெரிவுகள் அடிப்படையில எல்லாரையும் சேர், உயிரோட இருக்கிறவையின்ர முதற்பேரை மட்டும் மறை, உயிரோட இருக்கிறவையைச் சேர்க்காத, இந்த மூண்டுதான். நடுவில உள்ளது நல்லதுபோலத் தெரியும். வெள்ளைக்காரருக்கு அது நல்லதுதான், ஸ்மித் எண்டு மிஞ்சினால் ஊரில ஆயிரம் ஸ்மித். எங்களுக்கு முதற்பேரை எடுத்தால் மிஞ்சுறது தேப்பன்ர பேர், இன்னாரின்ர மகன், மூண்டாவது பிள்ளை, பிறகென்ன மறைச்சது? மூண்டாவதைத் தெரிவு செய்யுங்கோ, உயிரோட இருக்கிற ஆக்கள் முழுக்க அந்தப் பைலுக்கு வெளியில நிக்கட்டும். அப்ப வம்சாவளி பாட்டன் பாட்டியோட முடிஞ்சிடுமே எண்டு கவலைப்படாதேங்கோ, நாளைக்குத் தேடி வாற பிள்ளைக்குத் தன்ர தாய்தேப்பன் ஆரெண்டு தெரியும், தெரியாதது பூட்டனுக்கு மேலதான்.

இறந்த திகதி தெரியாத பழைய ஆக்களுக்குத் திகதி இல்லாமலே இறப்பு எண்டு ஒரு பதிவு போட்டு விடுங்கோ, இல்லாட்டி 1930இல பிறந்த ஆளை மென்பொருள் உயிரோட எண்டு எடுத்து மறைச்சிடும், நூறு வயசு தாண்டினாலும் உடன விடாது.

எக்ஸ்போர்ட் செய்த பைலை அப்பிடியே ஏத்தாதேங்கோ. ஜெட்கொம் எண்டது வெறும் எழுத்துப் பைல், நோட்பேட்டில திறக்கும். திறந்து உங்கட சொந்தப் பேரைத் தேடுங்கோ, பிறகு உங்கட பிள்ளையின்ர பேரை, பிறகு ஒரு போன் நம்பரின்ர முதல் மூண்டு இலக்கத்தை. ஆள் போயிருப்பார், ஆனா பாட்டியின்ர குறிப்புக்குள்ள "இதை எனக்குச் சொன்னவ இன்ன மாமி, கொக்குவில், நம்பர் இன்னது" எண்டு கிடக்கும், அதுகள்தான் தப்பி வாறது. போட்டோவின்ர பைல் பேரிலயும் ஆக்களின்ர பேர் இருக்கும், போனில எடுத்த போட்டோவுக்குள்ள எடுத்த இடத்தின்ர வரைபடக் குறிப்பும் இருக்கலாம்.

ஒரு சிலபேர் கெட்டித்தனமா ஒரு வழி சொல்லுவினம்: போன் நம்பரையோ ஈமெயிலையோ நேர எழுதாம, கணக்குப் போட்டுக் குழப்பின வடிவத்தில எழுதுவம், ஆள் அதேயாள்தானோ எண்டு ஒப்பிடலாம், ஆனா நம்பர் தெரியாது எண்டு. ஃபோஃப்பில ஈமெயிலுக்கு ஷா-1 எண்ட முறையால இதைத்தான் செய்தவை. இலங்கைக் கைத்தொலைபேசி நம்பரில 07க்குப் பிறகு எட்டு இலக்கம், மொத்தமா 10 கோடி சாத்தியம், சாதாரண லப்டொப் அவ்வளவத்தையும் தேத்தண்ணி ஊத்தி ஆறுறதுக்குள்ள கணிச்சுப் பாத்திடும். போன் நம்பரை எந்த வடிவத்திலயும் போடவேண்டாம்.

எங்க போடுறது? ஓமெண்டு சொன்ன உயிரோட இருக்கிறவையையும் சேர்த்துக் குடும்பத்துக்குள்ள மட்டும் பாக்கிறதெண்டால் வெப்ட்ரீஸ் எண்ட இலவச மென்பொருளைச் சொந்த இடத்தில நிறுவி, ஒவ்வொருத்தருக்கும் தனி லொகின் குடுக்கலாம், ஆர் ஆரைப் பாக்கலாம், உறவுமுறையில எவ்வளவு தூரம் வரைக்கும் பாக்கலாம் எண்டு அதில கட்டுப்படுத்த ஏலும். பெரிய வம்சாவளிக் கொம்பனியளில போட்டால் வசதி, ஆனா அங்க மற்ற ஆக்களின்ர மரத்தோட உங்கட மரத்தைத் தானாப் பொருத்திப் பாக்கிறதுதான் அவையின்ர வியாபாரமே. மைஹெரிற்றேஜில 9 கோடி 20 லட்சம் கணக்குகளின்ர ஈமெயில் வெளியில போனது 2018இல தெரியவந்தது. வட்ஸ்அப் குறூப்பில முழுப் பைலைப் போட்டால் அது நெற்றில போட்டதுக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஆராவது புரோகிராம் எழுதத் தெரிஞ்ச பெடியன், புரோகிராம்காரர் பைல் வைக்கிற கிட்ஹப் எண்ட வெப்சைற்றில வைப்பமெண்டால், பிறகு ஒரு பேரை அழிச்சாலும் பழைய வேர்ஷன் வரலாற்றில கிடக்கும் எண்டதை அவனுக்கு ஒருக்கா ஞாபகப்படுத்துங்கோ.

பொதுவில போட்டிட்டு "தேடுபொறியளுக்குச் சொல்லுற ரோபோட்ஸ் பைலில வரவேண்டாமெண்டு எழுதினனான், கூகிள் எடுக்காது" எண்டு நிம்மதியா இருக்கிறவையும் உண்டு. அது கேற்றில நாய் கவனம் எண்டு போர்ட் மாட்டின மாதிரி, மரியாதையான ஆள் நிப்பான், மற்றவன் மதிலால வருவான். பூட்டு வேணுமெண்டால் பாஸ்வேர்ட் தான். இன்ரநெற் ஆர்க்கைவ் 1996இல இருந்து வலைப்பக்கங்களைக் கொப்பி எடுத்து வைச்சிருக்குது, உங்கட பக்கத்தை அது எடுத்திட்டுதெண்டால் நீங்கள் அழிச்ச பிறகும் அங்க இருக்கும், வெப்சைற்றின்ர சொந்தக்காரர் கேட்டு எழுதினால் எடுத்து விடுவினம், ஆனா எடுத்திட்டுதெண்டு முதல் உங்களுக்குத் தெரியவேணும். ஆராவது தன்ர பேரை எடுக்கச் சொன்னால் ஏனெண்டு கேக்காம எடுங்கோ, பிறகு ஆர்க்கைவைப் பாருங்கோ, பிறகு கூகிளில பழைய உள்ளடக்கத்தை நீக்கச் சொல்லுற பக்கத்தில அந்த லிங்கைக் குடுங்கோ. இந்த ஒழுங்கிலதான், முதல் பக்கத்தில அழிக்காட்டி மற்ற ரெண்டும் திரும்ப வரும்.

சட்டம் ஒண்டு ரெண்டு சொல்லு. இலங்கையில 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்குது, எல்லாப் பகுதியும் ஒரேயடியா நடைமுறைக்கு வரேல்லை, வீட்டுத் தேவைக்கு மட்டும் வைச்சிருக்கிற விபரத்துக்கு அது பொருந்தாது. ஐரோப்பாவிலயும் வீட்டுத் தேவைக்கு அப்பிடி ஒரு விலக்கு இருக்குது, ஆனா சுவீடனில போடில் லிண்ட்க்விஸ்ற் எண்ட ஒரு மனுசி, தேவாலயத்தில தொண்டு செய்யிறவ, கூடச் செய்யிற ஆக்களின்ர பேர், போன் நம்பர், ஒராளுக்குக் காலில அடிபட்ட கதை எல்லாத்தையும் நல்ல மனசோட ஒரு பக்கத்தில போட, வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போய், 2003இல வந்த தீர்ப்பு, எல்லாரும் பாக்கக்கூடிய மாதிரி இணையத்தில போட்டால் அது வீட்டு விசயமில்லை எண்டது. ஜேர்மனி, பிரான்ஸ், டென்மார்க்கில இருந்துகொண்டு சொந்தத்தின்ர பட்டியலை ஏத்துற மருமக்கள் இதை வாசிக்கிறது நல்லது.

கடைசியா அந்த முழுப் பைல், ஒண்டும் ஒளிக்காம எழுதினது. அது நெற்றில இருக்கக்கூடாது, ஆனா ஒராளின்ர லப்டொப்பில மட்டும் இருக்கவும் கூடாது. பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டின பென்ரைவ் ரெண்டு, ஒண்டு ஊரில ஒராளிட்ட, ஒண்டு வெளியில ஒராளிட்ட, ரெண்டுபேரும் வேற வேற கிளையில உள்ளவையா இருந்தால் நல்லது, சண்டை வந்தாலும் ஒண்டு மிஞ்சும். வருசத்துக்கு ஒருக்கா, கோயில் திருவிழாவுக்கு ஆக்கள் வரேக்க, ரெண்டையும் ஒப்பிட்டுப் புதுசாப் பிறந்த, செத்த, கட்டின விபரத்தைச் சேருங்கோ. கடதாசியில ஒரு பிரிண்டும் எடுத்துக் கறையான் போகாத இடமா வையுங்கோ, பென்ரைவ் பத்து வருசத்தில திறக்காமப் போகும், நல்ல கடதாசி அதைவிடக் கனகாலம் இருக்கும்.